எவர்சில்வர் பாத்திரத்துக்கு ஏன் செம்பு என்று பெயர்?

மார்த்தாண்டத்துக்காரர் ஒருவர் கேட்டிருக்கிறார். வீட்டில் இருப்பது எவர்சில்வர் பாத்திரம், ஆனால் பாட்டி அதைச் செம்பு என்கிறார். கடையில் போய்ச் செம்பு கேட்டால், "எவர்சில்வரா காப்பரா?" என்று திருப்பிக் கேட்கிறார்கள். பாடப்புத்தகத்தில் தாமிரம் என்று இருக்கிறது. ஊரில் ஓடும் ஆறு தாமிரபரணி. இதில் எது சரியான தமிழ்ச்சொல், காப்பர் என்ற ஆங்கிலச் சொல்லே நம்முடைய செப்பு என்ற சொல்லிலிருந்து போனதுதான் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, அது உண்மையா, ஆற்றில் தாமிரம் கலந்திருப்பதால்தான் அந்தப் பெயரா, ஆங்கிலத்தில் போலீஸ்காரரையும் காப்பர் என்கிறார்களே, அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று வரிசையாகப் போகிறது கேள்வி. படித்துப் பார்த்ததில், அடியில் இருப்பது ஒரே கேள்விதான் என்று தோன்றுகிறது. ஓர் உலோகத்தின் பெயர் அந்த உலோகத்தை விட்டுவிட்டு வேறொன்றில் போய் எப்படி ஒட்டிக்கொள்கிறது?

கன்னியாகுமரி மாவட்டம் கல்குளம் தாலுகாவில் 29 ஆண்டுகள் தமிழாசிரியராக இருந்தேன். வட்டாரச் சொற்களைக் குறித்து வைப்பது அதற்கும் முந்தைய பழக்கம். சொல் பற்றிய பகுதியை அந்தப் பழக்கத்தை நம்பித்தான் எழுதுகிறேன். வேதியியல் என் பாடமல்ல, செப்பேடுகளை மூல எழுத்தில் படிக்கவும் நான் பயின்றதில்லை. அந்த இடங்களில் மற்றவர்கள் படித்துச் சொன்னதையே சொல்வேன்.

முதலில் உறுதியானது. செம்பு என்ற சொல்லின் அடி செம், அதாவது சிவப்பு. செம்மண், செங்கல், செந்நெல், செவ்வானம் எல்லாவற்றிலும் இருப்பது இதே அடிதான். நம் மாவட்டத்தில் செவ்வாழையைச் செந்துளுவன் என்கிறோமே, அதிலும் அதுவே. செம்போத்துப் பறவையின் இறக்கையைப் பார்த்திருப்பீர்கள், நன்றாகப் புளி போட்டுத் தேய்த்த பாத்திரத்தின் நிறம் அப்படியே இருக்கும். ஆக, செம்பு என்றால் சிவந்தது. உலோகத்தைப் பிரித்தறிந்த நம் முன்னோர், கண்ணுக்கு முதலில் தெரிந்ததை வைத்துப் பெயரிட்டிருக்கிறார்கள். வெள்ளி வெள்ளையாக இருப்பதால் வெள்ளி. இரும்பு என்பதையும் இருள், இருமை என்ற கருமைப் பொருள் தரும் அடியோடு சேர்த்துப் பலர் சொல்வார்கள். எனக்கும் அது பொருத்தமாகவே படுகிறது, ஆனாலும் செம்பு, வெள்ளி அளவுக்கு அதைத் தீர்மானமாகச் சொல்ல மாட்டேன்.

இந்தச் சொல் தமிழுக்கு மட்டும் உரியதல்ல, திராவிடக் குடும்பச் சொத்து. மலையாளத்திலும் செம்பு, கன்னடத்திலும் செம்பு. கன்னடத்தில் சிவப்புக்குக் கெம்பு என்று பெயர். நாம் செவி என்பதை அவர்கள் கிவி என்பார்கள், நாம் செய் என்பதை அவர்கள் கெய் என்பார்கள். பழைய ககரம் தமிழில் இ, எ போன்ற உயிர்களுக்கு முன்னால் சகரமாகத் திரிந்தது, கன்னடத்தில் திரியாமல் நின்றது. நாகர்கோவில் வடசேரியில் கோயில் நகை செய்கிறவர்களிடம் போனால் சிவப்புக் கல்லைக் கெம்பு என்றுதான் சொல்வார்கள். பரதநாட்டியக்காரர்கள் தலையிலும் காதிலும் அணிகிற நகைகளில் பதித்திருக்கும் கல் அது. கன்னட, தெலுங்குப் பக்கத்திலிருந்து நமக்கு வந்த சொல். அந்தக் கெம்பும் நம் வீட்டுச் செம்பும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று முதன்முதலில் புரிந்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் இன்னும் குறையவில்லை. ஒன்று கல், ஒன்று உலோகம், இரண்டுக்கும் பொது சிவப்பு.

பழைய பாட்டுகளில் செம்பு உலோகமாகவே வருகிறது. புறநானூற்றில் இருங்கோவேளைப் பாடும் கபிலர், அவன் முன்னோர் ஆண்ட துவரை நகரின் மதிலைச் "செம்பு புனைந்து இயற்றிய சேண்நெடும் புரிசை" என்கிறார். நெடுநல்வாடையில் அரண்மனைச் சுவர் செம்பால் செய்தது போல இருந்ததாக வருகிறது. சுவருக்கு உவமை சொல்லும் அளவுக்கு அந்த நிறமும் உறுதியும் மக்களுக்குப் பழகியிருந்தன.

இனி செப்பு. செம்பும் செப்பும் வேறு வேறு சொற்கள் என்று நினைத்துக் குழம்புகிறவர்கள் நிறையப் பேர். இரண்டும் ஒன்றுதான். இரும்பு, பாதையோடு சேரும்போது இருப்புப்பாதை ஆகிறது. கரும்பு, சாறோடு சேரும்போது கருப்பஞ்சாறு. மருந்து, பையோடு சேரும்போது மருத்துப்பை. மெல்லின ஒற்று அதன் இனமான வல்லின ஒற்றாக மாறும் இந்தப் பழக்கத்துக்கு நன்னூலிலேயே விதி இருக்கிறது. அதே வழியில் செம்பு, குடத்தோடு சேர்ந்து செப்புக்குடம், ஏட்டோடு சேர்ந்து செப்பேடு. அப்புறம் அந்தச் செப்பு தனியாகவும் நடமாடத் தொடங்கிவிட்டது.

செப்பேடு என்றதும் நம் ஊர்க்காரர்களுக்கு ஒன்று நினைவு வர வேண்டும். முஞ்சிறைக்குப் பக்கத்தில் பார்த்திவபுரம் இருக்கிறதே, அங்கே ஆய் மன்னன் கருநந்தடக்கன் 866இல் கோயிலும் சாலையும் ஏற்படுத்தியதைச் சொல்லும் செப்பேடு நம் மாவட்ட வரலாற்றின் தலையாய ஆவணங்களில் ஒன்று. சாலை என்றால் இங்கே ரோடு இல்லை, மாணவர்கள் தங்கிப் படித்த இடம். முஞ்சிறைச் சபையாரிடமிருந்து நிலம் பெற்ற விவரமும், சாலைக்கான விதிகளும் அதில் உண்டு. திருவிதாங்கூர் அரசின் தலைமை அலுவலகமான ஹஜூர் கச்சேரியில் இருந்ததால் அதை ஹஜூர் செப்பேடு என்றும் சொல்வார்கள். ஏடு என்றால் ஓலை, ஓலையின் வடிவத்தில் வெட்டிய செம்புத் தகட்டையும் ஏடு என்றே அழைத்தார்கள். பொருள் ஓலையிலிருந்து உலோகத்துக்கு மாறியும் ஏடு என்ற பெயர் மாறவில்லை. எவர்சில்வர் செம்புக்கு நடந்ததும் இதேதான் என்பதைக் கொஞ்சம் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சிமிழைக் குறிக்கும் செப்பு பற்றி ஒரு சொல். திருக்குறளில் உட்பகையைச் சொல்லும்போது "செப்பின் புணர்ச்சிபோல்" என்று வரும். மூடியும் பெட்டியும் பார்வைக்கு ஒன்றாகப் பொருந்தி நின்றாலும் உள்ளே ஒட்டியிருப்பதில்லை என்பது கருத்து. இந்தச் செப்பு முதலில் செம்பால் செய்த சிமிழாக இருந்து, பிறகு மரத்தில் செய்தாலும் தந்தத்தில் செய்தாலும் செப்பு ஆகியிருக்க வேண்டும். ஒலியும் பொருளும் நன்றாகப் பொருந்துகின்றன, ஆனாலும் முதல் சிமிழ் செம்புதான் என்று நேரடியாகக் காட்டும் வரி எதுவும் இல்லை. ஆகவே இதைப் 'பெரும்பாலும்' என்ற வரிசையில் வையுங்கள். குழந்தைகள் கூட்டாஞ்சோறு விளையாடும் சொப்புச் சாமான், மரச்செப்பின் பேச்சு வடிவம். செம்பைச் சில ஊர்களில் சொம்பு என்பதும் அதே மாற்றம்தான். பின்னால் உதடு மூடி ஒலிக்கும் ம, ப வரும்போது முன்னால் உள்ள எகரம் ஒகரமாகக் குவிகிறது. இதைக் கொச்சை என்று ஒதுக்க வேண்டாம், வாய் இயல்பாகச் செய்கிற வேலை அது. சொல்லுதல் என்ற பொருளில் வரும் செப்பு மட்டும் வேறு வேர், தெலுங்கில் இன்றும் அன்றாட வினையாக இருப்பது. அதற்கும் உலோகத்துக்கும் உறவில்லை.

சரி, பாத்திரத்துக்கு வருவோம். சின்ன வயதில் எங்கள் தெருவுக்கு ஈயம் பூசுகிறவர் வருவார். வேலியோரம் ஒரு குழி தோண்டித் துருத்தி வைத்துக் கரி மூட்டுவார். அம்மா அடுக்களையிலிருந்து செம்புப் பாத்திரங்களை எடுத்துக் கொடுப்பாள். சூடான பாத்திரத்தில் நவச்சாரத்தைத் தூவி, ஈயத்தை வைத்துப் பஞ்சால் ஒரு சுழற்றுச் சுழற்றினால் உள்பக்கம் கண் முன்னால் வெள்ளையாகிவிடும். வெளியே சிவப்பு, உள்ளே வெள்ளை. ஈயம் போய்விட்டால் புளியும் மோரும் பட்டுக் களிம்பு ஏறும், அது வயிற்றுக்கு ஆகாது. ஆணவ மலம் உயிரோடு தொடக்கமே இல்லாமல் ஒட்டியிருப்பதற்குச் சைவ சித்தாந்தத்தில் செம்பில் களிம்பு என்றுதான் உவமை சொல்வார்கள். வீட்டில் செம்பை வைத்துப் புழங்கியவர்களுக்கு அந்த உவமை விளக்கமே தேவையில்லாமல் புரிந்திருக்கும்.

அப்படி ஒரு காலத்தில், தண்ணீர் மொண்டு குடிக்கும் உருண்டையான, கழுத்துச் சிறுத்த பாத்திரம் பெரும்பாலும் செம்பில்தான் செய்யப்பட்டது. செம்பில் செய்தது செம்பு. ஒன்றின் பெயர் அதோடு தொடர்புள்ள இன்னொன்றுக்கு ஆகி வரும் இதை நம் இலக்கணத்தில் ஆகுபெயர் என்போம். பிறகு அதே உருவத்தைப் பித்தளையில் செய்தார்கள், வெண்கலத்தில் செய்தார்கள், கடைசியில் எவர்சில்வரில் செய்தார்கள். உருவம் மாறவில்லை, அதனால் பெயரும் மாறவில்லை. உங்கள் பாட்டி சொல்வது நூற்றுக்கு நூறு சரி. அவர் சொல்கிற செம்பில் உலோகம் இல்லை, உருவம்தான் இருக்கிறது.

விளவங்கோடு பக்கம் இதில் இன்னொரு சிக்கல் உண்டு. மலையாளத்தில் செம்பு என்றால் கல்யாணச் சமையலுக்கு வைக்கும் பெரிய வட்டப் பாத்திரமும் ஆகும். எல்லையோர ஊர் ஒன்றில், கல்யாண வீட்டில் சமையல்காரர் "செம்பை எடுத்துட்டு வா" என்று சொல்ல, பையன் கைச்செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டியதை நேரில் பார்த்திருக்கிறேன். அவர் கேட்டது இரண்டு ஆள் தூக்கும் பாத்திரம். இரண்டு பேருமே சரியாகத்தான் பேசினார்கள். ஓர் உலோகம், இரண்டு மொழிகளில் இரண்டு அளவுப் பாத்திரங்களாகப் பிரிந்துபோயிருக்கிறது. இதோடு, சேம்பு என்று நெடிலில் சொல்லும் கிழங்கையும் செம்போடு சேர்த்துவிடாதீர்கள், அது வேறு சொல். தோவாளை பக்கத்துச் செண்பகராமன்புதூரைப் பேச்சில் செம்பராமன் என்று சுருக்கிவிட்டு, அங்கே செம்பு கிடைத்ததா என்று ஒரு மாணவன் கேட்டான். அது செண்பகராமன் என்ற பட்டப்பெயரிலிருந்து வந்தது, அதில் இருப்பது பூ.

செம்பு பாத்திரத்தின் பெயராகக் கெட்டிப்பட்ட பிறகு உலோகத்தைச் சொல்ல என்ன செய்வது? "செம்புச் செம்பு" என்று சொன்னால் வாய்க்கு இடறுகிறது. தாமிரம், காப்பர் இரண்டும் நம் அன்றாடப் பேச்சில் இவ்வளவு சுலபமாக இடம் பிடித்ததற்கு இதுவே முக்கியக் காரணம் என்று நான் நினைக்கிறேன். இது என் கருத்து, நிறுவப்பட்ட செய்தி அல்ல. ஆனால் கடைக்காரர் "எவர்சில்வரா காப்பரா?" என்று கேட்டாரே, அந்தக் கேள்வியே எனக்குச் சாட்சி. செம்பு என்றதை அவர் பாத்திரமாக எடுத்துக்கொண்டு, உலோகத்தைத் தனியாகக் கேட்கிறார். ஒயர் வாங்கப் போனாலும் காப்பர் ஒயர்தான். ரப்பர்த் தோட்டக்காரரோ துரிசு என்கிறார். மழைக்கு முன் பூஞ்சைக்குத் தெளிக்கும் போர்டோ கலவையில் சுண்ணாம்போடு சேர்க்கும் அந்த நீலக் கல்லும் செம்பின் உப்புதான், ஆனால் பெயரில் செம்பும் இல்லை, தாமிரமும் இல்லை.

தாமிரம் வடசொல். தாம்ர என்பது சமஸ்கிருதத்தில் கருஞ்சிவப்பு நிறத்தையும் இந்த உலோகத்தையும் குறிக்கும். பிராகிருதத்தில் தம்ப ஆகி, இந்தியில் தாம்பா என்று நிற்கிறது. அங்கேயும் நிறம்தான் பெயர். இன்னொன்றும் சொல்ல வேண்டும். உலோகம் என்று பொதுவாகச் சொல்கிறோமே, அதன் மூலமான லோஹ என்பதற்கும் பழைய பொருள் சிவந்தது, செந்நிற உலோகம் என்பதே. பிறகு அது இரும்புக்குப் போய், கடைசியில் எல்லா உலோகங்களுக்கும் பொதுப்பெயர் ஆனது. எது சரியான தமிழ் என்று கேட்டால், செம்பு தமிழ், தாமிரம் தமிழில் நெடுங்காலம் புழங்கும் வடசொல். இரண்டையும் எழுதலாம். நான் செம்பு என்றே எழுதுவேன், பாத்திரத்தோடு குழப்பம் வரும் இடத்தில் மட்டும் செப்புலோகம் என்பேன்.

தாமிரம் என்ற ஒலி கேட்ட இடத்திலெல்லாம் உலோகத்தைத் தேடுவதும் ஆபத்து. வெற்றிலை போட்டால் வாய் சிவக்கிறது, அதனால் தாம்பூலம் என்று விளக்குவார்கள். கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் தாம்பூலம் ஆஸ்திரோ-ஆசிய மொழிகளின் பக்கமிருந்து சமஸ்கிருதத்துக்குள் வந்த சொல் என்பதே மொழியியலார் பலருடைய முடிவு.

ஆற்றின் பெயர் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டியது. திருநெல்வேலித் தாமிரபரணிக்குப் பழந்தமிழ்ப் பெயர் பொருநை. தாமிரபரணி என்ற பெயரும் புதிதல்ல. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அசோகரின் கல்வெட்டுகளில் தம்பபன்னி வருகிறது, அங்கே அது இலங்கையைக் குறிப்பதாகவே பொதுவாகக் கொள்கிறார்கள். கிரேக்கர்கள் இலங்கையைத் தப்ரோபனே என்றது அதன் திரிபு. ஆற்றுக்கும் தீவுக்கும் ஒரே பெயர் எப்படி வந்தது என்பதில் அறிஞர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. சொல்லைப் பிரித்தால் தாம்ர, பர்ண, அதாவது செந்நிற இலை. செந்நிறம் என்று பொருள்படத் தாமிரவருணி என்று எழுதுகிறவர்களும் உண்டு. எப்படிப் பிரித்தாலும் சொல்லில் இருப்பது நிறம், தண்ணீரில் உலோகம் கரைந்திருப்பதாகச் சொல்லும் பகுதி அதில் இல்லை. நம் குழித்துறை ஆறும் தாமிரபரணிதான். கோதையாறும் பறளியாறும் திருவட்டாறு பக்கம் சேர்ந்து, குழித்துறை வழியாகத் தேங்காய்ப்பட்டணத்தில் கடலில் விழுகிறது. ஐப்பசி மழையில் அது கலங்கி வரும் நிறத்தைப் பாலத்தில் நின்று பார்த்தவர்களுக்கு அந்தப் பெயர் பொருத்தமாகவே தெரியும். ஆனால் பொருத்தமாகத் தெரிவது வேறு, அதனால்தான் பெயர் வந்தது என்று சொல்வது வேறு. பின்னதை நான் சொல்ல மாட்டேன். தண்ணீரில் என்ன இருக்கிறது என்பதை ஆய்வகத்தில்தான் கேட்க வேண்டும், பெயரிடம் கேட்கக் கூடாது.

இனி காப்பர். இது செப்பிலிருந்து போனதல்ல, இதில் எனக்குத் தயக்கமே இல்லை. நாம் நிறத்தை வைத்துப் பெயரிட்டோம், ஐரோப்பியர்கள் ஊரை வைத்துப் பெயரிட்டார்கள். மத்தியதரைக் கடலில் உள்ள சைப்ரஸ் தீவு பழங்காலத்தில் செம்புச் சுரங்கங்களுக்குப் பேர்போனது. ரோமானியர்கள் அந்த உலோகத்தைச் 'சைப்ரஸ் உலோகம்' என்ற பொருளில் ஏஸ் கிப்ரியும் என்றார்கள். அதில் பின்பாதி மட்டும் நின்று குப்ரும் ஆனது. அதுவே ஜெர்மனில் குப்ஃபர், ஸ்பானிஷில் கோப்ரே, ஆங்கிலத்தில் காப்பர். வேதியியலில் செம்புக்கு சியு என்று இரண்டு எழுத்துக் குறியீடு இருப்பதும் குப்ரும் என்பதன் முதல் எழுத்துகளால்தான். ஒவ்வொரு படிக்கும் எழுத்துச் சான்று இருக்கிறது. செப்பு, காப்பர் இரண்டிலும் ஒரு பகரம் இருப்பதை வைத்து உறவு சொன்னால், நாளை எந்தச் சொல்லையும் எந்தச் சொல்லோடும் கட்டிவிடலாம். நம் மொழிக்குப் பெருமை தர அப்படிப்பட்ட கதைகள் தேவையில்லை. சந்தேகம் இருப்பது ஓரிடத்தில் மட்டும்: சைப்ரஸ் என்ற பெயர் எப்படி வந்தது என்பது இன்றுவரை தீர்மானமாகவில்லை. மருதோன்றிச் செடியின் கிரேக்கப் பெயரோடு சேர்ப்பவர்களும் உண்டு, உலோகத்தைக் குறிக்கும் இன்னும் பழைய சுமேரியச் சொல்லோடு சேர்ப்பவர்களும் உண்டு.

பாட்டியின் செம்புக்கு ஆங்கிலத்திலும் ஒரு ஜோடி இருக்கிறது. அங்கே துணி வேகவைக்கும் பெரிய கொப்பரைக்குக் காப்பர் என்று பெயர் இருந்தது. சில்லறைக் காசுகளையும் காப்பர் என்பார்கள். பிரிட்டனில் பென்னி 1860இலேயே செம்பிலிருந்து வெண்கலத்துக்கு மாறிவிட்டது. 1992 முதல் அது செம்பு முலாம் பூசிய எஃகுதான். ஆனாலும் மக்கள் வாயில் காசு காப்பராகவே இருந்தது. நம்மிடமும் திருவிதாங்கூர்க் காலத்தில் செம்புக் காசுகள் புழங்கின. 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு ரூபாய். என் தாத்தா அந்தக் காசுகள் கொஞ்சத்தை ஒரு பித்தளைச் செம்பில் போட்டுப் பரணில் வைத்திருந்தார். செம்புக்குள் செம்பு. பாத்திரம் பித்தளை, காசுதான் உண்மையான செம்பு. அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை.

போலீஸ்காரரைக் குறிக்கும் காப்பர் தனிச் சொல். சட்டையில் செம்புப் பொத்தான் போட்டிருந்தார்கள், அதனால் அந்தப் பெயர் என்று ஒரு கதை எல்லா இடத்திலும் ஓடுகிறது. அது பின்னால் கட்டிய கதை. ஆங்கிலப் பேச்சு வழக்கில் காப் என்றால் பிடி என்று ஒரு வினை இருந்தது, பிடிக்கிறவர் காப்பர். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து இந்தப் பொருள் கிடைக்கிறது. அந்த வினை, பிடித்தல் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்திருக்கலாம் என்பது பரவலான ஊகம். வினையிலிருந்து பெயர் வந்தது வரைக்கும் உறுதியாகச் சொல்லலாம், அதற்கு மேலே போகிற பகுதிதான் ஊகம்.

நேரம் கிடைத்தால் உங்கள் பாட்டியிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது வீட்டில் எந்தெந்தப் பாத்திரம் செம்பில் இருந்தது, கிண்டி, உருளி, வார்ப்பு இவற்றையெல்லாம் என்ன உலோகம் என்று சொன்னார்கள், ஈயம் பூசுகிறவரை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று. கல்குளத்துச் சொற்கள் என்னிடம் ஓரளவு இருக்கின்றன. மார்த்தாண்டம், குழித்துறைப் பக்கத்தில் மலையாளம் கலந்து வழங்கிய சொற்களில் பல என் குறிப்பேட்டில் இல்லை. அவர் சொன்னதை அவர் சொன்ன உச்சரிப்பிலேயே இங்கே எழுதினால் எடுத்துச் சேர்த்துக்கொள்வேன்.